பிராக்கெட்டின் உலகம் திரையில் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் லீ பிராக்கெட்டின் புகழ் நிலைப்பது திரைக்கதையாலா, அறிவியல் புனைகதையாலா என்பது தலைப்பு. ஹாலிவுட் இல்லாவிட்டால் இந்த அம்மாவை யாருக்குத் தெரியும் என்று எதிரணியில் கேட்டார்கள்.

சரி, ஹாலிவுட் இவரை ஏன் கூப்பிட்டது? 1944ல் வந்த இவருடைய துப்பறியும் நாவலைப் படித்துவிட்டு, எழுதியவர் ஆண் என்றே நினைத்து ஆளனுப்பினார் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ். 'தி பிக் ஸ்லீப்' படத்தின் திரைக்கதை வேலைக்குப் போனபோது பிராக்கெட்டின் மேசையில் வெள்ளிக் கிரகத்தில் நடக்கும் ஒரு கதை பாதியில் நின்றது. மீதியை எழுதி முடித்தவர் இன்னொரு அறிவியல் புனைகதை எழுத்தாளரான ரே பிராட்பரி. அதாவது சினிமா கூப்பிடுவதற்கு முன்பே இவர் எழுத்தாளர். முதல் அறிவியல் கதை 1940லேயே அச்சாகிவிட்டது.

படங்களைக் குறைத்துப் பேச நான் வரவில்லை, இவர் திரைக்கதையில் பங்கெடுத்த 'ரியோ பிராவோ' எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் 'தி பிக் ஸ்லீப்' திரைக்கதையில் இவரோடு நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னரையும் சேர்த்து மூன்று பேர். தனிப்பெயரில் எழுதிய 'எல் டோராடோ', 'தி லாங் குட்பை' இரண்டுமே வேறொருவரின் நாவல்கள். 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படமான 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்'கின் முதல் வரைவை முடித்துக் கொடுத்துவிட்டு 1978 மார்ச்சில் புற்றுநோயால் இறந்துபோனார்; அந்த வரைவில் வில்லன் டார்த் வேடர், நாயகன் லூக்கின் அப்பாவே இல்லை, உலகமே வாய்பிளந்த அந்தத் திருப்பம் அப்புறம் மற்றவர்கள் சேர்த்தது.

இப்போது 1955ல் வந்த 'தி லாங் டுமாரோ' நாவலுக்கு வாருங்கள். அணுகுண்டுப் போரில் நகரங்கள் அழிந்தபின், ஓர் ஊரில் ஆயிரம் பேருக்கு மேலோ, ஒரு சதுர மைலில் 200 கட்டடங்களுக்கு மேலோ இருக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தையே திருத்திவிடுகிறார்கள். ஓஹியோ கிராமத்துப் பையன்கள் இருவர் ஒரு ரேடியோவைத் திருடி மறைத்து வைக்கிறார்கள், அதற்காகச் சவுக்கடி வாங்குகிறார்கள். அவர்களில் ஒருவனான லென், அறிவு தடைசெய்யப்படாத இடம் ஒன்று இருக்கிறது என்று நம்பி வருடக்கணக்கில் தேடிப்போனால், அங்கே நிலத்தடியில் ஓடுவது அணு உலை! எந்தச் சக்தியைப் பேய் என்று சொல்லி வளர்த்தார்களோ அதே சக்தி. அவனுக்குக் குலை நடுங்குகிறது, ஓடிப்போகிறான். அறிவியலைக் கும்பிடவும் இல்லாமல் சபிக்கவும் இல்லாமல், ஹிரோஷிமா நடந்து பத்தே வருடத்தில் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார், நடுவர் அவர்களே. 1956ல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதின் நாவல் இறுதிப்பட்டியலில், அந்தத் துறையின் ஜாம்பவான்களான அசிமோவும் ஹைன்லைனும் இருந்த ஐந்து பேரில் இவர் ஒருவர்தான் பெண்.

அந்த ரேடியோவும் அந்த உலையும் யாருடைய நாவலிலிருந்தும் எடுத்தவை அல்ல. தீர்ப்பு எழுதும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.