நடுக்கடலில் யார் போலீஸ்?

வணக்கம் நேயர்களே.

நம் வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை, கணியம்பாடி பக்கம் எங்கே கல்லெறிந்தாலும் ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டு ஓட்டில்தான் விழும். பென்ஷனோடு ஊர் திரும்புகிறவர்களில் சிலர் சொகுசுக் கப்பல்களில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். லீவில் வந்தால் ஊரில் கேட்பது ஒரே கேள்வி: "ஏம்பா, கப்பல்ல போலீஸ் இருப்பாங்களா?"

இருக்க மாட்டார்கள். பெரிய கப்பல் என்றால் பயணிகளும் ஊழியர்களுமாகச் சில ஆயிரம் பேர். அத்தனை பேருக்கும் நடுவில் ஸ்டேஷனும் கிடையாது, இன்ஸ்பெக்டரும் கிடையாது. கேப்டனும், பாதுகாப்பு அதிகாரியும், எங்களைப் போன்ற சில காவலர்களும்தான்.

சட்டம் எப்படி என்றால், கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை அந்தக் கரை நாட்டின் எல்லை. நடுக்கடலுக்குப் போய்விட்டால், கப்பலில் எந்த நாட்டுக் கொடி பறக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம். சொகுசுக் கப்பல்களில் பலவும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. குடியாத்தத்துப் பெண் ஒருவரிடம் வேறு நாட்டுப் பயணி ஒருவன் தவறாக நடந்துகொண்டான் என்று வையுங்கள். முறைப்படி விசாரிக்க வேண்டியது பஹாமாஸ் போலீஸாக இருக்கலாம். அவர்கள் எங்கிருந்து, எப்போது வருவது? கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடவே ஒன்றிரண்டு நாள் ஆகும். ஆக, வழக்கு நிற்பதும் நிற்காததும் காவலர்கள் அந்த முதல் சில மணி நேரத்தில் செய்வதைப் பொறுத்தது.

புகார் வந்ததும் முதல் வேலை அந்த அறையைப் பூட்டி, கதவுக்கு சீல் வைத்து, வாசலில் ஒரு ஆளை நிறுத்துவது. எங்களுக்குப் பெரிய எதிரி சுத்தம்தான். அறைப் பையன் வழக்கம்போல் வந்து விரிப்பை மாற்றி, குளியலறையைத் துடைத்துவிட்டுப் போவான். அவன் வேலை அது. விரிப்பு லாண்டரிக்குப் போய்விட்டால் தடயமும் போச்சு. அப்புறம் பூட்டு. அறைக் கதவுக்குச் சாவிக்குப் பதில் அட்டைதான். எந்த அட்டை எந்த நேரத்தில் கதவைத் திறந்தது என்று பூட்டிலேயே பதிவாகியிருக்கும். கேமரா பதிவு அப்படி இல்லை. சில நாளில் பழையதன் மேல் புதியது ஏறி அழிந்துவிடும் என்பதால், உடனே தனியாக எடுத்து வைக்க வேண்டும். கரை சேர்ந்ததும் கப்பலில் ஏறி வருகிற போலீஸ்காரர் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. காவலருக்குச் சம்பளம் தருவது கம்பெனி. கம்பெனிக்கோ பெயர் கெடக் கூடாது. "குடித்துவிட்டுத் தகராறு" என்று இரண்டு வரி எழுதி ஃபைலை மூடிவிடும் சபலம் யாருக்கும் வரும். அதற்குக் கடிவாளம் போட்டது அமெரிக்கா 2010-இல் கொண்டுவந்த சட்டம். அந்நாட்டுத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றவோ இறக்கவோ செய்யும் பெரிய கப்பல்களுக்கு அது பொருந்தும். கொலை, பாலியல் வன்முறை, அமெரிக்கர் காணாமல் போவது, 10,000 டாலருக்கு மேல் திருட்டு போன்றவை நடந்தால் உடனே அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.-க்குத் தகவல் போக வேண்டும். அறைக் கதவில் வெளியே பார்க்கும் துளை, தளத்தில் 42 அங்குல உயரக் கைப்பிடி எல்லாம் அதில் உண்டு. எந்தக் கம்பெனியின் கப்பல்களில் எத்தனை புகார் என்று அரசே வெளியிடுகிறது. என்னைக் கேட்டால், மொத்தச் சட்டத்திலும் பல் உள்ள இடம் இதுதான். துளையும் கைப்பிடியும் கம்பெனிக்கு வெறும் செலவுக் கணக்கு. பட்டியலில் பெயர் வருவதுதான் வலிக்கும்.

பயங்கரவாதத்தைப் பொறுத்தவரை ஏற்பாடு பழையது. 1985-இல் அக்கிலே லாரோ என்ற இத்தாலியக் கப்பலைக் கடத்தி ஒரு பயணியைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் விளைவாக 1988-இல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் வந்தது. நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு, 2004 ஜூலை முதல் கப்பலிலும் துறைமுகத்திலும் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். கப்பலை இயக்கும் அறையிலும் இன்னொரு இடத்திலுமாவது ரகசிய பொத்தான் இருக்கும். அழுத்தினால் கப்பலில் எந்தச் சத்தமும் வராது, கரையில்தான் மணி அடிக்கும்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பிய பிறகு, நம் பக்கத்திலும் கடல் சுற்றுலா பற்றி விசாரிக்கிறார்கள். தாராளமாகப் போங்கள். ஏதாவது நடந்துவிட்டால் புகாரை எழுத்தில் கொடுத்து, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அறையைப் பூட்டி சீல் வைக்கச் சொல்லுங்கள், கேமரா பதிவை எடுத்து வைக்கும்படியும் அதே கடிதத்தில் எழுதுங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காதீர்கள். "கரை சேர்ந்ததும் பார்த்துக்கலாம் சார்" என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால், அவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு கேப்டனிடம் போங்கள். கப்பல் போய்ச் சேரும் கரை நாட்டு போலீஸின் உதவியைக் கேட்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது.

வணக்கம்.