இரண்டு கிளாத்ரின்களும் ஓர் எதிர்ப்பொருளும்

அவையோருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம். செல்லுக்குள் நடக்கும் சரக்குப் போக்குவரத்தைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்தீர்கள். அந்தப் போக்குவரத்தை நாம் எதைக் கொண்டு பார்க்கிறோமோ அந்தக் கருவியை, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதமான ஆய்வுக்கூட எதிர்ப்பொருளை, முன்னிறுத்திப் பேசலாம் என்று தோன்றியதால் தலைப்பைச் சற்றே திருப்பிக்கொண்டேன். அழைத்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

வேலூரில் நின்றுகொண்டு இந்தப் பொருளைத் தொடும்போது 1986-ஆம் ஆண்டு நினைவுக்கு வராமல் போகாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் சோதனைக்காக நம் ஊர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவரப்பட்டன. இங்கே, எதிர்ப்பொருள் ஒட்டியதை நிறத்தால் காட்டும் எலைசா சோதனையில் சில மாதிரிகள் நிறம் மாறின, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதற்கான முதல் தடயம் அது. ஆனால் அந்த நிறமாற்றத்தை மட்டும் நம்பி யாரும் அறிவித்துவிடவில்லை. சோதனை மறுபடி செய்யப்பட்டது. பின்பு அமெரிக்காவில், புரதங்களை எடைவாரியாகப் பட்டைகளாகப் பிரித்து எதிர்ப்பொருள் எதில் ஒட்டுகிறது என்று பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் முறையிலும் உறுதி செய்யப்பட்டது. அங்கே தேடப்பட்டதே, எச்.ஐ.வி.க்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள். நாமோ எதிர்ப்பொருளைக் கொண்டு வேறொன்றைத் தேடுகிறோம். அந்த எச்சரிக்கை நமக்கும் வேண்டியதுதான்.

நான் எடுத்துக்கொள்ளும் புரதம் கிளாத்ரின். 1964-இல் ராத், போர்ட்டர் என்ற இருவர் ஏடிஸ் கொசுவின் முட்டைச் செல்லை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்லின் மேற்சவ்வில் தூரிகை மயிர்கள் போன்ற உறை பூண்ட சிறு குழிகள் தென்பட்டன. மஞ்சள் கருவுக்கு வேண்டிய புரதத்தை அந்தக் குழிகள் பற்றி, உள்நோக்கிப் பிதுங்கி, நுண்பைகளாகக் கழன்று உள்ளே செல்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். டெங்கு பரப்பும் அதே கொசுதான். நன்மை செய்ததற்காக அதனைப் பாராட்ட நான் தயாராக இல்லை. அந்த உறை எந்தப் புரதத்தால் ஆனது என்பதைக் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்து, 1976-இல் அதற்குக் கிளாத்ரின் என்று பெயரிட்டார். ஒரு மையத்திலிருந்து வளைந்து கிளம்பும் மூன்று கால்கள் கொண்டது அதன் உரு. ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 190 கிலோ டால்டன் எடையுள்ள ஒரு கனச்சங்கிலி. அதனோடு ஒட்டி ஓர் இலகு சங்கிலி. இந்தக் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டு, மூங்கில் கூடை முடைவதைப் போல, நுண்பையைச் சுற்றிக் கூடு கட்டுகின்றன. இரத்தத்திலுள்ள கொலஸ்டிரால் துகள்களைச் செல் உள்ளே இழுத்துக்கொள்வதும் இந்த வழியாகத்தான்.

பியர்ஸ் பணியாற்றிய அதே ஆய்வுக்கூடத்தில்தான் 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருள் சுரக்கும் எலிச் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளைத் தொடர்ந்து தரும் ஹைபிரிடோமா முறையைக் கண்டார்கள். 1984-இல் நோபல் பரிசு பெற்றார்கள். முயலின் குருதிநீரிலிருந்து எடுப்பது பல எதிர்ப்பொருள்களின் கலவை. ஹைபிரிடோமா தருவதோ ஒற்றை வகை, அதையே மோனோகுளோனல் என்கிறோம்.

எதிர்ப்பொருள் புரதத்தின் முழு உருவையும் அறிவதில்லை. நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, காம்பிலுள்ள முள்ளை மட்டும் விரலால் தடவி, இது எங்கள் ஊர்க் காய் என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதே மாதிரி முள்ளுள்ள வேற்றூர்க் காயைக் கூடையில் கலந்துவிட்டால் அதையும் எங்கள் ஊர்க் காய் என்றே சொல்வார். எதிர்ப்பொருள் தொட்டறிவது அந்த முள்ளை. ஒரு சில அமினோ அமிலங்கள் கொண்ட மிகச் சிறு பகுதியை. காயின் பெயர் அதற்குத் தெரியாது.

வேற்றூர்க் காய் உண்மையிலேயே இருக்கிறது. மனிதரிடம் கிளாத்ரின் கனச்சங்கிலி இரண்டு வகை. ஒன்றின் மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எல்லாச் செல்களிலும் உழைப்பது அதுதான். மற்றொன்றின் மரபணு 22-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எலும்புத் தசையில் மிகுதியாகக் காணப்படும் இது, இன்சுலின் அழைக்கும்போது மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே விடும் குளுட்4 என்ற கடத்தியைச் செல்லுக்குள் சேமித்துவைக்க உதவுகிறது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு பேசப்படும் நம் மாவட்டத்தில் இதை ஆராய ஆசைப்படாத மாணவர் குறைவு. இவ்விரண்டு சங்கிலிகளும் நூற்றுக்கு 85 பங்கு ஒன்றுபோலவே இருப்பவை. எடையிலும் ஏறக்குறைய சமம். ஆகவே புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 190 கிலோ டால்டனுக்கு நேராக ஒரு பட்டை விழுந்தால், அது இரண்டில் எது என்று பட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு சிறு குழப்பத்தைக் களைந்துவிடுகிறேன். எக்ஸ்22 என்றொரு புகழ்பெற்ற மோனோகுளோனல் இருக்கிறது. 1985-இல் பிராட்ஸ்கி என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில் வந்தது. பெயரிலுள்ள 22-க்கும் குரோமோசோம் 22-க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எக்ஸ்22 பார்ப்பது எங்கும் உள்ள முதல் வகையை. பெயரைப் பார்த்து வாங்கிவிட்டு வந்து என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இதே தொகுப்பைச் சேர்ந்த டிடி.1 என்ற மற்றோர் எதிர்ப்பொருள் வெஸ்டர்ன் பிளாட்டில் நன்றாக உழைக்கும். எக்ஸ்22-ஐ, செல்லுக்குள் புரதம் இருக்கும் இடத்தை ஒளிரச் செய்து எடுக்கும் படங்களுக்கே அதிகம் பயன்படுத்துவார்கள். வெஸ்டர்ன் பிளாட்டுக்காக எஸ்.டி.எஸ். என்னும் சலவைப்பொருள் கலந்து சூடாக்கிய புரதம் சுருள் அவிழ்ந்த கயிறு. செல்லில் இருப்பது சுருண்ட கயிறு. ஒன்றில் வெளியே தெரியும் முள் மற்றதில் மறைந்துபோகலாம். ஒரு சோதனையில் நம்பகமான எதிர்ப்பொருள் அடுத்த சோதனையிலும் நம்பகமானது என்று எண்ணிவிடக் கூடாது.

எங்கள் கூடத்தில் ஒருமுறை இரண்டாம் வகையை மட்டுமே காட்டும் என்று விற்கப்பட்ட முயல் எதிர்ப்பொருள் ஒன்றை வாங்கினோம். புரதத்தின் எந்தத் துண்டுக்கு எதிராக உண்டாக்கப்பட்டது என்பதை விற்றவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மனிதத் தசைச் செல்லில் 190-க்கு நேராகப் பளிச்சென்று ஒரே பட்டை. இரண்டு மாதம் அதை நம்பி அளவெடுத்தோம். ஒரு மாணவி, ஜெல்லில் ஓர் இடம் காலியாக இருக்கிறதே என்று, சி2சி12 என்னும் சுண்டெலித் தசைச் செல்லின் சாற்றையும் ஏற்றினார். அங்கும் அதே பட்டை, அதே செறிவில். சுண்டெலிக்கு இரண்டாம் வகைக் கிளாத்ரின் கிடையாது. அந்த மரபணு எலியின் பரம்பரையில் செயலிழந்துவிட்டது. இல்லாத புரதத்துக்குப் பட்டை எப்படி விழும்? பிறகு மனிதச் செல்லில், ஒரு புரதம் உண்டாவதைத் தடுக்கும் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. கொண்டு முதல் வகையை அடக்கிப் பார்த்தோம், பட்டை மங்கியது. இரண்டாம் வகையை அடக்கியபோது அசையவே இல்லை. இரண்டு மாதமாக நாங்கள் அளந்தது முதல் வகையைத்தான்.

அந்த மாணவி செய்ததை முறையாக முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும். புரதம் இருக்கும் செல், இயற்கையாகவே இல்லாத செல், நாமே அடக்கிய அல்லது மரபணுவை நீக்கிய செல் ஆகிய மூன்றும் ஒரே ஜெல்லில் அடுத்தடுத்து ஓட வேண்டும். அதைப் பயன்படுத்திய கட்டுரைகளின் எண்ணிக்கையைக் காட்டி விற்கப்படும் எதிர்ப்பொருள் குழாயை விட, மரபணு நீக்கிய செல்லில் பட்டை மறைந்ததைக் காட்டும் ஒரு படத்துக்கே நான் அதிக மதிப்புத் தருவேன். மரபணு நீக்கம் இன்று, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையால் எளிதாகியிருப்பதால், வசதியில்லை என்ற பழைய சாக்கும் முன்போல் எடுபடாது.

கையாளுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கத்திரி வெயிலில் பார்சல் வரும்போது பனிக்கட்டி உருகியிருந்தால் பதறுகிறோம். ஆனால் ஓரிரு நாள் சூட்டை விட, குழாயை எடுத்து உருக்குவதும் மறுபடி உறைய வைப்பதுமே எதிர்ப்பொருளைக் கெடுக்கிறது. வந்த அன்றே சிறு குழாய்களில் பகிர்ந்து, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். தானாகப் பனி நீக்கும் பெட்டி வேண்டாம், அது தினமும் சூடேறி இறங்கும். குழாயின் மேல் பெயரோடு, எந்தச் செல்லில் எந்தத் தேதியில் சரிபார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். எங்கள் பெட்டியில் அந்த முயல் எதிர்ப்பொருள் இன்னும் இருக்கிறது. இப்போது அதன் மூடியில் 17 என்று எழுதியிருக்கிறோம், முதல் வகைக்காகவே அதைப் பயன்படுத்துகிறோம்.