சுவர் முதலில், பாட்டு அப்புறம்

நடுவர் அய்யா அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். மேடைப் பிரம்மாண்டம் இசையை வளர்க்கிறதா, விழுங்குகிறதா என்பது தலைப்பு. வளர்க்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

சாப்பாட்டை மறந்துவிட்டுப் பந்தலைப் புகழ்கிற கல்யாண வீடு மாதிரி என்று ராக் கச்சேரிகளைக் கிண்டல் செய்தார் எனக்கு முன்னால் பேசிய நண்பர். நல்ல கைத்தட்டல் கிடைத்தது. ஆனால் உதாரணத்துக்கு ராக் பாடகர் ரோஜர் வாட்டர்ஸை இழுத்தார் பாருங்கள், அங்கேதான் எங்கள் வேலையைச் சுலபமாக்கிவிட்டார்.

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை விட்டு 1985இல் விலகிய வாட்டர்ஸ், அந்தக் குழுவின் 'தி வால்', அதாவது 'சுவர்', என்ற பழைய ஆல்பத்தை முழுசாக மேடையேற்றினார். 2010 செப்டம்பரில் டொராண்டோவில் தொடங்கி, 2013 செப்டம்பரில் பாரிஸில் முடித்தார். மொத்தம் 219 கச்சேரிகள். பாட்டு நடக்க நடக்க, ஆட்கள் வந்து அட்டைச் செங்கற்களை அடுக்குவார்கள். இடைவேளைக்குள் ஏறத்தாழ 240 அடி அகலம், 35 அடி உயரத்தில் ஒரு சுவர் எழும்பி, பாடுகிறவரையும் வாசிக்கிறவர்களையும் மொத்தமாக மறைத்துவிடும்.

இடைவேளை முடிந்து முதல் பாட்டு, 'ஹே யூ'. மேடையில் ஒருவரும் கண்ணில் படமாட்டார். முழுப் பாட்டையும் சுவருக்குப் பின்னால் நின்றே வாசிக்கிறார்கள். அய்யா, இசையை விழுங்குகிற மேடை இதுவா? இவ்வளவு காசைக் கொட்டிக் கட்டிவிட்டு, கண்ணுக்கு வேலை இல்லை, காதை மட்டும் திறந்துவை என்கிறது! அதுவோ, சுவருக்குள் அகப்பட்டவன் வெளியே இருப்பவர்களைக் கூப்பிடுகிற பாட்டு. வீட்டில் ஹெட்போனில் கேட்டால் வரி புரியும். அரங்கில், கூப்பிடுகிறவர் நிஜமாகவே அந்தப் பக்கம் இருக்கிறார்.

ஏன் சுவர்? 1977 ஜூலையில் மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில், முன்னால் நின்று ரகளை செய்த ரசிகர் ஒருவர் மேல் வாட்டர்ஸ் துப்பிவிட்டார். அப்புறம் அவருக்கே தன் மேல் அருவருப்பு வந்தது. தனக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவே ஒரு சுவர் கட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். ஆல்பம் அதிலிருந்துதான் பிறந்தது. ஆக, சுவர் முதலில், பாட்டு அப்புறம்.

பன்றி பலூன் எதற்கு, சுவரில் வந்து மோதுகிற விமானம் எதற்கு என்று எதிரணி அம்மா கேட்டார். விமானம் கொஞ்சம் அதிகம்தான். எங்கள் அணித் தலைவர் முறைத்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே சுவரில் இடைவேளை முழுக்க ஓடியது என்ன? போர்களிலும் வன்முறையிலும் செத்தவர்களின் படங்கள், அவரவர் குடும்பங்கள் அனுப்பியவை. வாட்டர்ஸின் அப்பாவும் அந்தச் சுவரில் இருந்தார். 1944இல் இத்தாலியின் ஆன்சியோவில் அவர் இறந்தபோது மகனுக்கு ஐந்து மாதம். அப்பா இல்லாமல் வளர்ந்த பையனின் துக்கம்தான் அந்த ஆல்பம். எங்கிருந்தோ வந்த முகங்கள் அதில் ஏறிக்கொண்ட பிறகு அது ஒரு வீட்டுத் துக்கமாக நிற்கவில்லை. இதைத்தான் வளர்ப்பது என்கிறோம்.

அந்த 219 கச்சேரிகளின் வசூல் 45 கோடி டாலருக்கு மேல், எல்லாம் வியாபாரம் என்றார்கள். சரி, இதே சுவரை 1980-81இல் பிங்க் ஃபிளாய்ட் 31 முறை கட்டியபோது என்ன ஆனது? மேடைச் செலவு தலைக்கு மேல் போய் நஷ்டம். காசு பார்த்தவர், சம்பளத்துக்குக் கீபோர்டு வாசித்த ரிக் ரைட் மட்டும்தான்! காசுதான் குறி என்றால் அன்றைக்கே சுவரை இடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இடிக்கத்தான் செய்தார்கள், ஒவ்வொரு கச்சேரியின் கடைசியிலும். அடுத்த கச்சேரிக்குத் திரும்பக் கட்டினார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒன்றே ஒன்று அய்யா. 2011 மே 12, லண்டன் ஓ2 அரங்கம். வாட்டர்ஸோடு வருஷக்கணக்கில் பிணங்கியிருந்த பிங்க் ஃபிளாய்ட் கிதார்காரர் டேவிட் கில்மர் வந்து 'கம்ஃபர்டப்ளி நம்ப்' என்ற பாட்டுக்கு வாசித்தார். கூட்டம் அலறியது கிதாருக்குத்தான், மேடைக்கு இல்லை என்றார் எதிரணித் தலைவர். கில்மர் நின்ற இடத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். சுவரின் உச்சி! அந்தப் பாட்டில் கீழே டாக்டராக நின்று வாட்டர்ஸ் கேள்வி கேட்கிறார், மரத்துப்போன நோயாளியின் பதில் மேலே இருந்து வருகிறது. இருவரையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் அந்தப் பதில் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்குமா? அடுத்துப் பேச வருகிறவர் இதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு, அப்புறம் தம் பேச்சைத் தொடங்கட்டும். வணக்கம்.