காய்ப்பேறிய நெஞ்சம் பிறப்பதில்லை

நடுவர் அவர்களுக்கும் அவையோர்க்கும் வணக்கம். பிறர் துன்பத்தைக் கண்ணெதிரே கண்டும் அசையாத மனத்தை ஆங்கிலம் ‘காலஸ்’ என்கிறது. அந்த இறுக்கம் பிறவியிலேயே அமைவதா, பழகிப் பழகி வருவதா என்பதுதான் இன்றைய வழக்கு. பழகி வருவதே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், அந்தச் சொல்லுக்குக் கல்நெஞ்சம் என்று பொருள் சொல்லி, கல் கல்லாகவேதான் கிடக்கிறது, அது ஒருநாளும் இளகியிருந்ததில்லை என்றார். அந்தச் சொல் பிறந்த இடத்தில் கல்லே இல்லை, நடுவர் அவர்களே. அங்கே இருப்பது தோல்.

லத்தீனில் ‘கல்லுஸ்’ என்றால் தடித்துக் காய்த்துப்போன தோல். ஓசையைத் தவிர அதற்கும் நம் கல்லுக்கும் உறவு எதுவும் இல்லை. அதிலிருந்து வந்த ‘காலஸ்’, 1400ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது உடம்பில் இறுகிய பகுதியைத்தான் குறித்தது; மனத்தின் இறுக்கத்தைக் குறிக்கும் வழக்கு 17ஆம் நூற்றாண்டில்தான் அங்கே வேரூன்றியது. ஆனால் தோலிலிருந்து மனத்துக்குத் தாவும் அந்த எண்ணம் ரோமானியர்களிடமே இருந்தது. மகளைப் பறிகொடுத்த கி.மு. 45ஆம் ஆண்டில், துன்பத்தைத் தாங்குவது பற்றி எழுதிய சிசரோ, உழைப்பே வலியின்மேல் ஒருவகைக் காய்ப்பைப் படர விடுகிறது என்றார். கவனியுங்கள், வலி அங்கே முன்பே இருக்கிறது. காய்ப்பு அதன்மேல் பிறகு வந்து மூடுகிறது.

நெடுங்காலம் பேனா பிடித்து எழுதியவர்கள் இந்த அவையில் இருந்தால், நடுவிரலில் பேனா அழுந்துகிற இடத்தைத் தொட்டுப் பாருங்கள். சிறு மேடு ஒன்று தட்டுப்படும். அழுத்தமும் உராய்வும் ஒரே இடத்தில் நாள்தோறும் விழும்போது, மேல்தோல் கெரட்டின் என்னும் புரதம் நிறைந்த செல்களை வழக்கத்துக்கு மேல் அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் மென்மையான தசையைக் காப்பாற்ற உடம்பு போடும் கவசம் அது. எழுதுவதை நிறுத்தினால் அந்த மேடு மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்துவிடுகிறது. அந்த மேட்டோடு பிறந்த குழந்தை உண்டா என்று எதிரணியினரைக் கேட்கிறேன்.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். அதை நானே எடுத்து வைக்கிறேன். சொல்லின் பிறப்பு வேறு, இன்றைய பொருள் வேறு, வேரைக் காட்டி வழக்கை வெல்ல முடியாது என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆகவே இன்றைய வழக்கையே சாட்சிக்கு அழைக்கிறேன். பணியால் மனம் சோர்ந்து தீய்ந்துபோவதை அளப்பதற்கு மாஸ்லாக், ஜாக்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1981இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார்கள். பிறரைக் கவனித்துக்கொள்ளும் பணியில் இருப்பவர்களுக்கான அந்தப் பட்டியலில், இந்த வேலைக்கு வந்த பிறகு மனிதர்களிடம் நான் மேலும் ‘காலஸ்’ ஆகிவிட்டேன் என்று பொருள்படும் ஒரு வாசகம் இருக்கிறது. இந்த வேலை என் உணர்ச்சிகளை இறுக வைக்கிறதோ என்ற கவலையைச் சொல்லும் வாசகம் இன்னொன்று. செவிலியராகப் பணியில் சேர்ந்த ஒருவர், முதல் வாரம் ஒரு நோயாளியின் முனகலுக்கு எழுந்து ஓடுகிறார். நாளடைவில் அதே முனகலைக் கேட்டபடியே, நிமிர்ந்து பாராமல் குறிப்பேட்டில் எழுதி முடிக்கிறார். அவரைப் பார்த்துக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரத்துப்போய்விட்டார் என்று சொல்வேன். முன்பு உணர்ச்சி இருந்த இடம்தானே மரத்துப்போகும்?

கொடூரம் வேறு, இது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். கொடூரன் அடுத்தவரின் வலியை அறிந்து அதையே நாடுகிறான். காய்ப்பேறிய மனத்துக்கு அந்த வலி எட்டுவதே இல்லை. எதிரணியினர் இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்து, கொடூரனைக் காட்டி எல்லோர்க்கும் தீர்ப்பு எழுதப் பார்க்கிறார்கள்.

அவர்கள் கையில் உள்ள வலுவான ஆதாரம் இரட்டையர் ஆய்வு. பிரிட்டனில் 7 வயது இரட்டைக் குழந்தைகளிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், இத்தகைய இரக்கமின்மை மிக அதிகமாகக் காணப்பட்ட குழந்தைகளிடம் மரபணுவின் பங்கு மூன்றில் இரண்டு அளவுக்கு இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது விளிம்பில் நிற்கும் சில குழந்தைகளைப் பற்றியது. நாம் நாள்தோறும் ‘காலஸ்’ என்று குறை சொல்லும் அதிகாரியும் அண்டை வீட்டுக்காரரும் அந்தக் கணக்கில் வருபவர்கள் அல்லர். உளவியலாளர்களும் இந்த இறுக்கத்தில் இரு வகை காண்கிறார்கள். இரண்டாம் வகையை அவர்கள் கொடுமைக்கு உள்ளானவர்களிடமும் பதற்றம் மிகுந்தவர்களிடமும் பார்க்கிறார்கள். 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பும், இந்த நிலைக்குத் தலைப்பாக அந்தச் சொல்லை வைக்காமல், சமூக நலம் நாடும் உணர்வுகள் குறைந்த நிலை என்றே பெயரிட்டு, ‘காலஸ்’ என்பதை அடையாளங்களுள் ஒன்றாக மட்டும் உள்ளே வைத்தது.

பழக்கம் என்று சொல்லிக் குற்றவாளியைத் தப்ப விடுகிறாயே என்று கேட்பார்கள். தப்ப விடுவது அவர்களுடைய வாதம், நடுவர் அவர்களே! பிறவியிலேயே கல் என்றால் அவனிடம் எதைக் கேட்பது? காய்த்துப்போனது என்றால்தான், எந்த உராய்வில் காய்த்தது, அந்த உராய்வை யார் வைத்தது, அதை ஏன் இன்னும் நிறுத்தவில்லை என்று அவனையும் கேட்கலாம், அவனை வேலை வாங்கியவர்களையும் கேட்கலாம். நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் காய்ப்பு தடித்தால், அதன் அடியிலேயே புண் உருவாகி வெளியே தெரியாமல் ஆழமாகப் போய்விடுவது உண்டு. அதனால்தான் மருத்துவர் அந்தக் காய்ப்பைச் சீவி எடுத்து உள்ளே பார்க்கிறார். கல் என்று முடிவு கட்டிவிட்டால் சீவிப் பார்க்கவே தோன்றாது.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். வேலைக்கு வந்த பிறகு இப்படி ஆகிவிட்டேன் என்று அந்த வினாப்பட்டியலில் ஒருவர் குறியிடும்போது, ‘ஆகிவிட்டேன்’ என்பதற்குத் தாங்கள் என்ன விளக்கம் தருவீர்கள்?