4 கிலோமீட்டர் பனிக்கு அடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறது?

வணக்கம் மக்களே. காலை ஆறரை மணி, மெரினாவில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் தெரிகிறதே, வளைவான முகப்போடு, அதுதான் பழைய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். 1842-இல் கட்டியது. அமெரிக்காவில் உறைந்த குளங்களில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கொண்டுவந்து இங்கே சேமித்தார்கள்.

நேற்று அக்கா மகளை இங்கே கூட்டிவந்தேன். எட்டாவது படிக்கிறாள். இந்தக் கதையைச் சொன்னதும் பேச்சு அண்டார்க்டிகாவுக்குப் போய்விட்டது. "சித்தி, அங்க பனிக்கு அடியில ஏரி இருக்காமே? மேல மைனஸ் 89 டிகிரி வரைக்கும் போன இடம். அடியில தண்ணி எப்படி உறையாம இருக்கு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. வழியெல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டு போனோம். இன்று உங்களிடமும் பேசலாம் என்று தோன்றியது.

அவள் சொன்னது வோஸ்டாக் ஏரி. அதன் மேல் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் பனி. ஏரியின் நீளம் சுமார் 250 கிலோமீட்டர். இவ்வளவு கனமான பனி ஒரு கம்பளி மாதிரி. மேலே இருக்கும் குளிர் கீழே இறங்காது. பூமிக்குள்ளிருந்து வரும் சூடு மேலே தப்பாது. பனி பாறைமேல் உரசி நகரும் இடங்களில் அந்த உரசலின் சூடும் சேரும். இன்னொன்று, அழுத்தம். தண்ணீர் உறைந்தால் அதிக இடம் பிடிக்கும், தெரியும்தானே? அதனால் பனியை இறுக்கி அழுத்தினால், குறைந்த இடம் பிடிக்கும் தண்ணீராகவே இருப்பது அதற்கு எளிது. வோஸ்டாக்கின் ஆழத்தில் உருகுநிலையே மைனஸ் 3 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது.

சரி, தண்ணீர் வந்துவிட்டது. எந்தப் பக்கம் ஓடும்? பள்ளத்தைப் பார்த்து என்றுதான் சொல்லத் தோன்றும். இதோ, கையில் ஒரு தண்ணீர் பாக்கெட் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் அழுத்துகிறேன், தண்ணீர் அந்தப் பக்கம் போகிறது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, தாழ்ந்த பக்கத்தை அழுத்தினால் மேட்டுக்கே ஏறுகிறது பாருங்கள். பனிக்கு அடியிலும் இதுதான். பனி தடிமனாக இருக்கும் இடத்திலிருந்து மெலிதாக இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் தள்ளப்படுகிறது. அடித்தரையின் சரிவைவிட, மேலே பனிப்பரப்பின் சரிவுக்குச் சுமார் 10 மடங்கு பலம். அடியில் ஒரு குன்று குறுக்கே வந்தாலும் தண்ணீர் அதில் ஏறிப் போகும். இதை முதலில் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே தூக்கம் வரவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அது எப்படிக் கிடக்கிறது என்பதுதான் பனி எவ்வளவு வேகமாக நகரும் என்பதை முடிவு செய்கிறது. மொசைக் தரை முழுக்கத் தண்ணீர் பரவிக் கிடந்தால் கால் வழுக்கும். அதே தண்ணீர் ஓரமாக ஒரு கால்வாயில் ஓடினால் நிம்மதியாக நடக்கலாம். பனிக்கு அடியில் தண்ணீர் பாறை இடுக்குகளில் சின்னச் சின்னக் குழிகளாகத் தேங்கி, மெல்லக் கசிந்துகொண்டிருந்தால், அழுத்தம் ஏறிப் பனியைத் தூக்கிவிடும். பனி வழுக்கும்.

அதே தண்ணீர் ஒரு சுரங்க வழியைப் பிடித்துக்கொண்டால் கதை மாறும். ஓடும் தண்ணீரின் சூடு சுரங்கச் சுவரை உருக்கி அகலப்படுத்தும். மேலிருக்கும் பனி மெல்ல வழிந்து அதை மூடப் பார்க்கும். இரண்டுக்கும் ஓயாத போட்டி. 1972-இல் ஹான்ஸ் ரோத்லிஸ்பெர்கர் என்ற சுவிஸ் ஆய்வாளர் இந்தக் கணக்கைப் போட்டார். அதில் ஒரு விசித்திரம் கிடைத்தது. சுரங்கம் பெரிதாகப் பெரிதாக உள்ளே அழுத்தம் குறைகிறது. அதனால் அக்கம்பக்கத்துத் தண்ணீரையும் அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நம் ஊர் மழைநீர் வடிகாலில் தண்ணீர் கூடினால் பொங்கி வெளியே வரும். அங்கே தண்ணீர் கூடக்கூட வடிகாலே தன்னைப் பெரிதாக்கிக்கொள்கிறது.

அலாஸ்காவில் வேரியகேட்டட் என்று ஒரு பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரிய பனித்திரள். 1982-83இல் அது திடீரென்று பாய ஆரம்பித்தது. உச்சத்தில் ஒரு நாளைக்கு 65 மீட்டர் வரை! தண்ணீரில் சாயம் கலந்து விட்டுப் பார்த்தபோது, அடியில் அந்தத் தண்ணீர் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. 1983 ஜூலையில் பனியாற்றின் முனையிலிருந்து பெருவெள்ளம் பீறிட்டது. பாய்ச்சல் சட்டென்று நின்றுவிட்டது. அடைபட்டிருந்த தண்ணீருக்கு வழி கிடைத்தது, பனி உட்கார்ந்துவிட்டது.

கிரீன்லாந்தில் மேலே உருகும் தண்ணீரும் கீழே இறங்குகிறது. 2006 ஜூலையில் பனிமேல் இருந்த ஒரு ஏரி, 5.6 சதுர கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்தில் காலியானது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தடிமன் பனியைப் பிளந்துகொண்டு அடிவரை போய்விட்டது. நம் கணக்கில் அது ஒன்றரை டி.எம்.சி.; சோழவரம் ஏரி நிரம்பினால் இருப்பதைவிட அதிகம். சராசரியாக நொடிக்கு 3 லட்சம் கன அடி. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வந்ததாகச் சொன்ன எண் 29,000 கன அடி. அன்று அடையாறு ஓரத்தில் இருந்தவர்களுக்கு அந்த எண் மறக்காது. அதைப் போல 10 மடங்கு என்று யோசியுங்கள். சுற்றியிருந்த பனி ஒரு மீட்டருக்கு மேல் எழும்பித் தணிந்தது. ஆனால் கோடை முழுக்க இப்படியே வேகம் கூடிக்கொண்டு போவதில்லை. சுரங்கங்கள் நன்றாக விரிந்த பிறகு, கோடையின் பிற்பகுதியில் பல இடங்களில் பனியின் வேகம் குறைகிறது. குளிர்காலத்தில் சுரங்கம் மூடிக்கொள்கிறது. அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து.

இதனால்தான் கடல் மட்டக் கணக்குப் போடுகிறவர்கள் பனி எவ்வளவு உருகும் என்று மட்டும் பார்ப்பதில்லை. உருகிய தண்ணீர் அடியில் எந்த வழியில் போகும் என்றும் தெரியவேண்டும். கிரீன்லாந்துப் பனி முழுக்கக் கரைந்தால் கடல் 7 மீட்டர் ஏறும். நான் நிற்கும் இந்த மணல் அப்போது இருக்காது. அது ஒரு நாளில் நடக்கும் விஷயம் இல்லை. ஆனால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதில் அந்தச் சுரங்கங்களுக்கும் பங்கு உண்டு.

அவள் கடைசியாக, "யாரும் பார்க்கவே முடியாதே சித்தி, அப்புறம் எப்படித் தெரியும்?" என்றாள். விண்ணிலிருந்துதான் பார்த்தார்கள். அண்டார்க்டிகாவில் ஓரிடத்தில் பனிப்பரப்பு 16 மாதங்களில் சில மீட்டர் இறங்கியது. 290 கிலோமீட்டர் தள்ளி வேறொரு இடத்தில் பரப்பு உயர்ந்தது. அடியில் ஒரு ஏரி வடிந்து இன்னொரு ஏரியை நிரப்பியிருக்கிறது என்று 2006-இல் சொன்னார்கள்.

வெயில் ஏறிவிட்டது, அலைச் சத்தமும் மைக்கில் அதிகமாக விழுகிறது. அடுத்த வீடியோவில் கௌமுக் பற்றிப் பேசலாம். கங்கோத்ரி பனியாற்றின் அடியில் ஓடி வந்த தண்ணீர் பாகீரதியாக வெளியே வரும் வாய் அது. பாறையை அரைத்த மாவு கலந்து, கலங்கிய சாம்பல் நிறத்தில் வரும். ஏன் அந்த நிறம் என்று அவளிடம் கேட்டிருக்கிறேன், அவள் பதிலோடு வருகிறேன்.