திமிங்கலக் கப்பலும் வௌவால் படையும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் சைபர்பங்க், ஸ்டீம்பங்க் என்ற பேச்சு காதில் விழுந்திருக்கும். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், இரண்டும் அறிவியல் புனைகதையின் வகைகள்தான்.

சைபர்பங்க் என்பது 1983இல் அச்சான புரூஸ் பெத்கியின் சிறுகதைக்குத் தலைப்பு. மறு ஆண்டே வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' நாவல் வந்தது. கணினி வலைக்குள் புகுந்து திருடுகிறவன் கதை. அதை அவர் அடித்ததோ தட்டச்சுப் பொறியில்! 1987இல் 'லோகஸ்' என்ற அறிவியல் புனைகதை இதழுக்கு எழுதிய கடிதத்தில் எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் ஸ்டீம்பங்க் என்ற பெயரைச் சூட்டினார். நீராவியும் பல்சக்கரமும் ஓட்டுகிற உலகம் அது.

சரி, அதென்ன பங்க்? 1970களில் நியூயார்க், லண்டன் இளைஞர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், தெரிந்த நாலு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு முழங்கிய இசை. அந்தத் துணிச்சல் கதைக்குள் இருக்க வேண்டும். அட்டையில் பித்தளைச் சக்கரம் போட்டால் மட்டும் போதாது. இயந்திரம் யார் கையில் இருக்கிறது, அதன் முன்னால் ஒரு பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் நான் புத்தகம் எடுத்துக் கொடுப்பேன்.

முதலில் கொடுப்பது ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 'லெவியதன்' என்ற ஸ்டீம்பங்க் நாவல், 2009இல் வந்தது. காலம் 1914, முதல் உலகப் போர். ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் கால் முளைத்த இரும்பு இயந்திரங்கள். பிரிட்டன் பக்கம் ஆய்வகத்தில் வளர்த்த விலங்குகள். லெவியதன் என்பது வானில் மிதக்கும் உயிருள்ள திமிங்கலக் கப்பல். அதில் ஒரு வௌவால் படை. அத்திப்பழத்தோடு இரும்பு முட்களையும் தீனியாகப் போடுவார்கள். எதிரி விமானத்துக்கு மேலே பறக்கும்போது சிவப்பு விளக்கை அடித்தால், பயத்தில் வயிறு கலங்கி அத்தனை முட்களையும் கொட்டிவிடும்!

அந்தக் கப்பலில் டிலன் என்ற பையன். உண்மையில் அவள் டெரின், பதினைந்து வயதுப் பெண். பறப்பதென்றால் உயிர், ஆனால் படையில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். ஆண் உடையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு அவள்தான் பங்க்.

அப்புறம், சூரிய ஒளியும் பசுமையுமாக எதிர்காலத்தைக் காணும் சோலார்பங்க்கும் இப்போது வளர்கிறது. போதைப்பொருளும் வன்முறையும் உள்ள 'நியூரோமான்சர்' பதினேழு வயது வரை காத்திருக்கட்டும்.

'லெவியதன்' ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கலாம். கீத் தாம்ஸன் வரைந்த படங்கள் உள்ளே நிறைய உண்டு. அவற்றைப் புரட்டிக் காட்டுங்கள். பிறகு அந்த வௌவால் பகுதியை மட்டும் நீங்களே உரக்க வாசியுங்கள். மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

நன்றி, வணக்கம்.