முழுப் பூசணிக்காயும் ஒரு பேய் இரவும்

(கனடாவின் ஸ்காபரோவில் மூத்தோர் ஒன்றுகூடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வேறு இரண்டு கூட்டங்களை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, மங்கல விளக்கேற்றிய டாக்டர் அம்மா அவர்களே, பேயைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தும் தேவாலய மண்டபத்தை வாடகையின்றித் தந்த அருட்தந்தை அவர்களே, பின்னால் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்கும் தொண்டர்களே, வணக்கம். என்னைப் 'பூசணிக்காய் மாஸ்டர்' என்று அறிமுகப்படுத்திய செயலாளருக்குத் தனி வணக்கம். பட்டம் பொருத்தமானதுதான்.

ஹலோவீன் எங்கிருந்து வந்தது, அன்றைக்கு என்னென்ன செய்கிறார்கள், எங்கள் பேரப்பிள்ளைகள் அதில் சேரலாமா என்று மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். தந்த நேரம் பதினைந்து நிமிடம். வரவேற்புரைக்கு இருபது நிமிடம் போயிற்று. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதில் என் பெயரும் வந்தது.

அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கத்துக் கெல்டிக் மக்களுக்கு நவம்பர் 1 குளிர்காலத்தின் தொடக்கம். கோடை முழுவதும் மேட்டு நிலங்களில் மேய்ந்த மாடுகளைக் கீழே ஓட்டி வருவார்கள். குளிரைத் தாங்காதவற்றை அறுத்துவிடுவார்கள். குன்றுகளில் பெருந்தீ மூட்டுவார்கள். அந்த இரவில் இந்த உலகத்துக்கும் மறு உலகத்துக்கும் நடுவிலுள்ள கதவு திறந்து கிடக்கும் என்பது நம்பிக்கை. அந்த நாளின் பெயரை ஐரிஷ்காரர் ஏறத்தாழ 'சாவின்' என்று உச்சரிக்கிறார்கள். உடனே இது தமிழ்ச் சொல்தான் என்று கட்டுரை எழுதக் கிளம்பாதீர்கள். கோடையின் முடிவு என்றுதான் வழக்கமாகப் பொருள் சொல்கிறார்கள். பழைய ஐரிஷ் கதைகளை ஏட்டில் எழுதியவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். ஆகவே அதற்கு முன்பு சரியாக என்ன நடந்தது என்று அடித்துச் சொல்பவரைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

9ஆம் நூற்றாண்டில் நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாளாக மேற்கு ஐரோப்பாவில் பரவியது. அதற்கு முந்திய மாலைதான் ஹலோவீன். புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு என்பதே அந்தச் சொல்லின் பொருள். பின்னால் பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஒடிலோவின் முயற்சியால் நவம்பர் 2 இறந்த ஆன்மாக்களின் நாள் ஆயிற்று. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊரான பாசையூர்க்காரர் இங்கே இருந்தால் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிய நினைவு வரும். புனிதர்களையும் செபத்தையும் மேலே பரப்பினாலும் அடியில் அந்தப் பழைய இரவு தெரிந்துகொண்டே இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அருட்தந்தை சிரிக்கிறார், ஆகவே தொடர்கிறேன்.

வழக்கங்களுக்கு வருகிறேன். 1989ஆம் ஆண்டு ஒக்டோபர் 31. நான் கனடாவுக்கு வந்து ஏழாவது கிழமை. பேஸ்மென்டில் ஒற்றை அறை, தனி ஆள், அடுப்பில் பருப்பு. கதவு தட்டுப்பட்டது. திறந்தேன். தலையிலிருந்து கால்வரை துணியால் மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வைத்த உருவம் ஒன்று நின்றது. உங்களில் பாதிப் பேருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஊரில் ஆமி எங்களை வரிசையாக நிறுத்தியபோது, ஆளைக் காட்டிக்கொடுக்கும், சாக்கு மூடிய தலையாட்டிகள் இரண்டு ஓட்டை வழியாகத்தான் எங்களைப் பார்த்தார்கள். அந்தத் தலை ஆடினால் வீடு திரும்ப மாட்டோம். இது பேய் வேடம் போட்டு இனிப்புக் கேட்டு வந்த பிள்ளை என்று எனக்குத் தெரியாது. இந்த உருவம் என் இடுப்பளவுதான் உயரம் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. கதவை அறைந்து சாத்தினேன். விளக்கை அணைத்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் உட்கார்ந்துகொண்டேன். விளக்கை அணைத்தால் 'இங்கே வராதே' என்று அர்த்தமாம். அறியாமலே இந்த ஊர் வழக்கத்தைச் சரியாகக் கடைப்பிடித்திருக்கிறேன்! பருப்பு அடிப்பிடித்தது.

மணம் மேலே போய், வீட்டுக்கார அம்மா இறங்கி வந்தார். அயர்லாந்தில் பிறந்த கிழவி. நான் இருந்த கோலத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதை இன்றுவரை மறக்கவில்லை. மேலே கூட்டிப்போய், உலர்ந்த திராட்சை போட்ட பாண் ஒரு துண்டு வெட்டித் தந்தார். கடித்தேன்; பல் உடைந்தது என்று நினைத்தேன். வாயிலிருந்து வந்தது ஒரு மோதிரம்! பாணில் மோதிரத்தை வைத்துச் சுடுவது அவர்கள் ஊர் வழக்கம். கிடைத்தவருக்கு ஒரு வருடத்தில் கல்யாணம். என் மனைவி இதோ முன்வரிசையில் இருக்கிறார். வந்து சேர ஐந்து வருடம் ஆயிற்று. மோதிரத்தின் பேச்சை விசாக்காரர் கேட்கவில்லை.

அன்று அந்த அம்மா சொன்னதுதான் என் வாழ்க்கையைப் பூசணிப் பக்கம் திருப்பியது. இங்கே ஹலோவீனுக்குப் பூசணியைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைக்கிறார்கள். அவருடைய சிறுவயதில் அவர்கள் குடைந்தது பூசணியை அல்ல, டர்னிப் கிழங்கை. பிசாசையே ஏமாற்றிய ஜாக் என்ற கஞ்சனைச் சொர்க்கமும் சேர்க்கவில்லை, நரகமும் சேர்க்கவில்லை. பிசாசு எறிந்த ஒரு தணலை டர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறானாம். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஐரிஷ்காரர் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறி வட அமெரிக்கா வந்தார்கள். இங்கே மண்ணின் காயான பூசணி பெரிதாகவும் குடைய இலகுவாகவும் கிடைத்தது. கிழங்கின் இடத்தில் காய் வந்தது.

இனி யோசியுங்கள். பட்டினியால் ஊரைவிட்டு ஓடி வந்தவர்களின் வழக்கம் இது. அதே வழக்கத்தின் பெயரால் நவம்பர் 1 காலையில் இந்தத் தெருக்களில் எத்தனை பூசணி கிடக்கிறது! வாசலில் கூன் விழுந்து, முகம் சுருங்கி, அணில் கடித்து, பிறகு பச்சைக் குப்பைத் தொட்டிக்குள். வெட்டாத காயையும் சேர்த்தே எறிகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று பழமொழி சொன்ன நாங்கள், முழுப் பூசணிக்காயைக் குப்பையில் மறைக்கிறோம். செதுக்குவதற்கென்று விற்கும் காய் நீர்த்தன்மை கூடியது, இனிப்புக் குறைந்தது, உண்மைதான். தேங்காய்ப் பாலும் அரைத்த கடுகும் எதற்கு இருக்கின்றன?

மெழுகுதிரி எரிந்த காயைத் தின்னச் சொல்லவில்லை. குடையும்போது வரும் சதையை உடனே எடுத்து வையுங்கள். விதையைக் கழுவி, உப்புப் பிரட்டி வறுங்கள். செதுக்காத காயை வாசலில் அழுகவிடாதீர்கள். சென்ற வருடம் இதே மண்டபச் சமையலறையில் பதினொரு காய் வெட்டினோம். கறி மிஞ்சவில்லை; என் கைதான் இரண்டு நாள் மஞ்சளாக இருந்தது.

இனிப்புக் கேட்டு வீடு வீடாகப் போவது, ஆன்மாக்களுக்காகச் செபிப்பதாகச் சொல்லிச் சிறு அப்பம் வாங்கிய பழைய இங்கிலாந்து வழக்கம், 1950இல் பிலடெல்பியாவில் பிள்ளைகள் ஐ.நா.வின் சிறுவர் நிதியமான யுனிசெப்புக்குக் காசு சேர்க்கத் தொடங்கியது எல்லாம் குறித்து வைத்திருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது விஷயம், பிள்ளைகள் சேரலாமா என்பது: சேரட்டும். உடுப்பில் இருட்டில் மினுங்கும் பட்டி ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

நவம்பர் 1 காலை ஒன்பது மணிக்கு இந்த மண்டபத்தின் பின்கதவு திறந்திருக்கும். நகரசபை உறுப்பினர் ஒரு காயாவது வெட்டுவதாகச் சற்றுமுன் என் காதில் சொன்னார்; இப்போது எல்லாருக்கும் கேட்டுவிட்டது. கத்தி எங்களிடம் இருக்கிறது. பெரிய அகப்பை வைத்திருப்பவர்கள் கையோடு கொண்டுவாருங்கள், போன முறை இருந்த ஒன்றும் கைப்பிடி கழன்றுவிட்டது. மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.